பச்சைக் கேபினில் கமலம்மாவின் முகம்

உலகச் சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்ன அன்று பெங்களூர் முழுக்க மிட்டாய் கொடுத்தார்கள். எங்கள் ஷெட்டுக்கும் ஒரு தட்டு வந்தது. என் பக்கத்து பெஞ்சில் தோல் வேலை செய்யும் கவுஸ் பாய் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"தின்னு தங்கச்சி. நம்ம வேலை செத்ததுக்கு ஓதுற பாத்திஹா மிட்டாய் இது."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவர் சொன்னது சரிதான் என்று எங்களுக்குத் தெரியும்.

ஊருக்கு வெளியே இருந்த விமானத் தொழிற்சாலையில் ட்ரிம்மிங் செக்‌ஷன் எங்களுடையது. விமானத்தின் உள்ளே கைக்கும் கண்ணுக்கும் படுகிற எல்லாம் ட்ரிம்மிங்: சீட்டு, பக்கச்சுவர்த் துணி, கூரைத் துணி, தரை விரிப்பு. சண்டைக் காலத்தில் இதற்கு அழகு எதுவும் கிடையாது. கிழிந்து வரும் கான்வாஸை ஒட்டுப் போட்டுத் தைத்து அனுப்புவோம். அந்த விமானங்களில் பைலட் சீட்டுக்கு மெத்தைகூட இல்லை. தகரத் தொட்டி மாதிரி இருக்கும், பைலட் தன் பாராசூட் மூட்டையையே போட்டு அதன்மேல் உட்காருவார். சண்டை நின்றதும் அந்த விமானங்கள் வருவதும் நின்றது. மற்ற செக்‌ஷன்களிலிருந்து ஆட்களை வீட்டுக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். எங்களில் நாலு பேர் மிஞ்சினோம்.

ஃபோர்மன் பின்டோ ஒருநாள் காலையில் எங்களைக் கூப்பிட்டார். அவர் ஆணையும் பெண்ணையும் 'மேன்' என்றுதான் கூப்பிடுவார்.

"கேளு மேன். ஒரு எஸ்டேட் முதலாளி மிலிட்டரி விமானம் ஒண்ணு ஏலத்துல எடுத்திருக்கார். சின்ன ப்ளேன், நாலு சீட்டு. உள்ளே எல்லாம் மாத்தி ஃபேமிலி வண்டி மாதிரி பண்ணித் தரணும். அவர் திருப்தியா எடுத்துக்கிட்டா இந்த மாதிரி வேலை இன்னும் வரும், செக்‌ஷன் இருக்கும். வேண்டாம்னு போயிட்டா இந்த ரூமை ஸ்டோர் ஆக்கிடுவாங்க. மேலே சொல்லிட்டாங்க."

நான் எதற்குமே பேச மாட்டேன். ஞானம்மா தையல் மெஷினோடு மட்டும்தான் பேசுவாள் என்று பின்டோவே என்னைக் கேலி செய்வார். பெங்களூர் பிளாக்பள்ளியில் ஒரு தையல் கடையில் திரைச்சீலையும் கவுனும் தைத்துக்கொண்டிருந்த என்னைச் சண்டைக் காலத்தில் விமான இறக்கைக்குத் துணி தைக்க எடுத்தார்கள். திரும்பிப் போகலாம் என்றால் அந்தக் கடை மூடிவிட்டது. வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். அதனால் அந்த நாலு சீட்டு விமானம் எனக்கு எவ்வளவு பெரியது என்று சொல்லத் தேவையில்லை.

வடக்கு வாசல்

எஸ்டேட் முதலாளி புட்டப்ப கவுடர் சிக்கமகளூர்ப் பக்கத்துக்காரர். காப்பித் தோட்டம். கன்னடம் கலந்த தமிழ் பேசுவார். முதல் நாளே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"நம்ம மனையவ்ருக்கு, வீட்டுக்காரம்மாவுக்கு, மலை ரோடு ஆகாது. கார்ல பெங்களூர் வர்றதுக்குள்ள பத்து தடவை வாந்தி. அம்மா வீடு இங்கே. வருஷத்துல ஒரு தடவைகூட வர முடியல. அதுக்காகத்தான் இந்த விமானம். அவங்க ஏறி சௌக்கியமா உட்காரணும். அவங்களுக்கு ஆகலைன்னா எனக்கு எதுக்கு?"

"கலர் என்ன வேணும் சார்?" என்றார் பின்டோ.

"பச்சை. நம்ம கார் பச்சை, தோட்டம் பச்சை. கண்ணுக்குக் குளிர்ச்சி."

கவுஸ் பாய்க்கு முகம் மலர்ந்தது. பச்சைத் தோல் அவருடைய பெருமை. பெரிய மனிதர்களின் கார்களுக்கு அவர் கட்டிய பச்சைத் தோல் சீட்டுகள் கன்டோன்மென்ட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. ரெக்ஸின் போடலாமா என்று யாரோ கேட்டதற்கு, "வெயில்ல நாறும், முதுகுல ஒட்டும். அதைப் போடுறதுக்குப் பதிலா கோணிச் சாக்கு போடு" என்று முடித்துவிட்டார்.

சுவருக்கும் கூரைக்கும் துணி பார்ப்பது என் வேலை. தையல் கடையில் நாங்கள் நிறம் பார்க்கும் முறை ஒன்று உண்டு. விளக்கு வெளிச்சத்தை நம்பக் கூடாது, நேர் வெயிலையும் நம்பக் கூடாது. வடக்குப் பார்த்த வாசலுக்குத் துணியைக் கொண்டுபோய், கை நீட்டிப் பிடித்துப் பார்க்க வேண்டும். அங்கே நன்றாக இருக்கும் நிறம் எங்கேயும் நன்றாக இருக்கும் என்பது எங்கள் கணக்கு. ஷெட்டின் வடக்கு வாசலில் நின்று, கவுஸ் பாயின் தோலை ஒரு கையிலும் துணியை ஒரு கையிலும் பிடித்து, இளந்தளிர் மாதிரி ஒரு பச்சையைத் தேர்ந்தெடுத்தேன். கவுடர் பார்த்தார், பின்டோ பார்த்தார், எல்லோருக்கும் பிடித்தது.

சீட்டில்தான் முதல் சண்டை. கவுஸ் பாய் கார் சீட்டு கட்டுகிறவர். ஸ்பிரிங் வைத்து, மேலே தேங்காய் நார் அடைத்து, குதிரை மயிர் பரப்பி, தோலை இழுத்துக் கட்டினார். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. இரண்டு பேர் சேர்ந்து அதைத் தராசில் தூக்கி வைத்தார்கள். எடை பார்க்க வந்த என்ஜினீயர் ராவ் முள்ளைக் குனிந்து இரண்டு தடவை பார்த்தார்.

"பாய், அருமையான சோபா. இதைத் தூக்கிட்டுப் பறக்கணும்னா இன்னொரு என்ஜின் வேணும்."

"போடுங்க சார். சீட்டு நான் குடுத்துட்டேன், என்ஜின் நீங்க குடுங்க."

ராவ் சிரித்துவிட்டார். பிறகு அவர் ஒன்று விளக்கினார். ஆகாயத்திலும் பள்ளம் உண்டாம். விமானம் அதில் சட்டென்று இறங்கும்போது ஸ்பிரிங் உட்கார்ந்திருப்பவரைத் தூக்கி எறியும். தலை கூரையில் இடிக்கும்.

"உங்க வீட்ல நவார் நாடாக் கட்டில் இருக்கா பாய்?" என்று கேட்டார்.

அவ்வளவுதான், கவுஸ் பாய்க்குப் புரிந்துவிட்டது. ஸ்பிரிங்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அலுமினியக் குழாய்ச் சட்டத்தில் நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துப் பின்னினார். அதன்மேல் ஸ்பாஞ்ச் ரப்பர், அதன்மேல் தோல். பழைய எடையில் பாதிகூட இல்லை. ராவ் உட்கார்ந்து குதித்துப் பார்த்தார். சீட்டு அவரைத் தாங்கியது, தூக்கி எறியவில்லை.

வேலை முடிந்து கதவைத் திறந்து வைத்தபோது பக்கத்து செக்‌ஷன்காரர்கள் எல்லாம் வந்து எட்டிப் பார்த்தார்கள். தளிர்ப் பச்சைச் சுவர், கரும்பச்சை சீட்டு. வாழைத் தோப்புக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

மேகத்துக்கு மேலே

கவுடரின் மனைவி கமலம்மா அன்றுதான் முதல் தடவையாக வந்தார். அடர்ந்த ரோஜா நிறத்தில் பட்டுச் சேலை. விமானத்தைப் பார்த்ததும் கவுடரின் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"ஆம்பளைங்க நடுவுல நான் ஒருத்தி உட்கார மாட்டேன். ஒரு ஹெங்கசு கூட வரட்டும்."

செக்‌ஷனில் ஒரே பெண் நான். பின்டோ என்னைப் பார்த்தார். விமானத்தின் உள்ளே எத்தனையோ நாள் மண்டி போட்டு ஆணி அடித்திருக்கிறேன். அது பறக்கும் என்று ஏனோ எனக்குத் தோன்றியதே இல்லை.

"ஏறு மேன். உன் துணிதானே, பயம் என்ன?" என்றார்.

பைலட்டும் கவுடரும் முன்னால். கமலம்மாவும் நானும் பின்னால். எழும்பியபோது கமலம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். நானும் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஏரி தெரிந்தது, சர்ச் கோபுரம் தெரிந்தது, கமலம்மா தன் அம்மா வீட்டுத் தெருவைத் தேடினார். பிறகு பைலட் மேகத்துக்கு மேலே ஏற்றினார். கீழே பஞ்சு விரித்த மாதிரி வெள்ளை. அப்போது கவுடர் மனைவியிடம் ஏதோ சொல்லத் திரும்பினார்.

"ரீ, நிமகே ஏனாயித்து?" என்று கேட்டார் கமலம்மா. உங்களுக்கு என்ன ஆயிற்று என்று.

"எனக்கு என்ன? உனக்குத்தான் முகம் வெளுத்துப் போச்சு. மயக்கம் வருதா?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இரண்டு பேரும் பல நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்த மாதிரி இருந்தார்கள். பார்க்கப் பார்க்க இருவருக்குமே வயிற்றைப் புரட்டியது. காற்றில் விமானம் லேசாகத்தான் ஆடியது, ஆனால் அதற்கு மேல் கமலம்மாவால் தாங்க முடியவில்லை. குனிந்து முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டார். என் கையைப் பார்த்தேன். அதுவும் பாசி படிந்த மாதிரி இருந்தது.

இறங்கியதும் கவுடர் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பின்டோவிடம் மெதுவாகச் சொன்னார்.

"உங்க வேலை சுத்தம். ஆனா இவங்களுக்கு ஆகலை. விமானத்தை வித்துடலாம்."

கவுஸ் பாய் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

குழாயடியில்

கமலம்மாவுக்கு முகம் கழுவ நான்தான் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். பெண்ணிடம் என்றால் எனக்குக் கொஞ்சம் பேச்சு வரும். மேலே பார்த்த ஒரு விஷயம் மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது.

"அம்மா, ஒண்ணு கேட்கட்டுமா? நீங்க முந்தானையில முகத்தை வெச்சு, பாதி நிமிர்ந்தீங்க இல்ல, அப்போ உங்க முகம் நல்லாத்தான் இருந்தது. சாய்ஞ்சு உட்கார்ந்ததும் திரும்ப நோயாளி மாதிரி ஆயிடுச்சு."

"முந்தானை கிட்ட வந்தா நல்லா இருந்துச்சா?"

"ஆமாம்மா. ரோஜா நிறம் முகத்துல விழுந்தது. சாய்ஞ்சா சுவரோட பச்சை விழுந்தது."

கமலம்மா ஈரக் கையை உதறினார். பிறகு சொன்னார்:

"சேலைக் கடையில நாம என்ன பண்றோம்? தோள் மேல போட்டுக் கண்ணாடி முன்னால நிக்கிறோம். சேலையையா பார்க்கிறோம்? மூஞ்சியைத்தானே பார்க்கிறோம். உங்க ஆளுங்க யாராவது இந்த விமானத்தைத் தோள் மேல போட்டுப் பார்த்தாங்களா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வடக்கு வாசலில் நான் துணியைத்தான் பார்த்தேன். அந்தத் துணிக்குள் உட்காரப்போகும் முகத்தைப் பார்க்கவில்லை. தரையில் வெளிச்சம் மேலேயிருந்து வருகிறது. மேகத்துக்கு மேலே போனால் கீழேயிருந்தும் வருகிறது. ஜன்னல் வழியாக ஏறி, கூரையில் பட்டு, துணியின் நிறத்தை எடுத்துக்கொண்டு முகத்தில் இறங்குகிறது. எந்த வாசலில் நின்றாலும் இது தெரியாது.

"போய்ச் சொல்லு" என்றார் கமலம்மா.

"நீங்க சொல்லுங்கம்மா."

"நான் சொன்னா பொம்பளை சாக்குன்னு சொல்வாங்க. துணி உன்னுது. நீ சொல்லு, நான் பக்கத்துல நிக்கிறேன்."

நின்றார். நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. பின்டோ வாயைத் திறப்பதற்குள் கவுஸ் பாய் எழுந்துவிட்டார்.

"இத்தனை வருஷம் கார்ல இதே பச்சைதான். யாரும் வாந்தி எடுத்ததில்லை. என் தோல் மேல குத்தம் சொல்றியா தங்கச்சி?"

"கார் மேகத்துக்கு மேல போறதில்லையே பாய்" என்றார் ராவ். "எனக்கு நிறத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா இதைச் சோதிச்சுப் பார்க்கலாம். கவுடரே, விக்கிறதுக்கு முன்னால ஒரு தடவை அனுமதி குடுங்க."

கவுடர் கமலம்மாவைப் பார்த்தார். கமலம்மா தலையை ஆட்டினார்.

"சரி, பாருங்க" என்றார் கவுடர்.

கவுஸ் பாயின் முகம்

ஸ்டோரிலும் கடைத்தெருவிலும் கிடைத்த துணியெல்லாம் ஒரு மூட்டை கட்டினேன். பைலட்டும் ராவும் முன்னால். பின்னால் என்னோடு ஒரு முகம் வேண்டும். கவுஸ் பாய் தானே ஏறினார். "என் தோல் மேல குத்தம்னா என் மூஞ்சியில பார்க்கட்டும்" என்றார். கையில் சவரக் கண்ணாடி.

மேகத்துக்கு மேலே போகிற வரை கண்ணை மூடி ஓதிக்கொண்டிருந்தார். பிறகு கண்ணைத் திறந்து கண்ணாடியைப் பார்த்தார்.

"யா அல்லா. இது யாரு?"

"நீங்கதான் பாய்."

"நான் மவுத் ஆகிக் குழியில கிடந்தாக்கூட இதைவிட நல்லா இருப்பேன். கழட்டு தங்கச்சி, அந்தப் பச்சையைக் கழட்டு."

கழற்ற முடியாது, அதன் மேலேயே வேறு துணிகளை ஊக்கு குத்தி விரித்தேன். மஞ்சள் விரித்தேன்: காமாலைக்காரர் ஆனார். சிவப்பு விரித்தேன்: "காலையிலேயே தண்ணி போட்டுட்டாரு பாய்" என்றார் பைலட். தூய வெள்ளையில் எல்லோருக்கும் கண் கூசியது. பைலட்டுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. முன் பலகைமேல் வெளிர்த் துணி கிடந்தபோது அதன் பிம்பம் முன்கண்ணாடியில் விழுந்து எதிரே இருப்பது தெரியவில்லை, அங்கே மினுக்கம் இல்லாத கறுப்புதான் போட வேண்டும் என்றார்.

கடைசியில் சந்தனத்தில் ரெண்டு சொட்டு ரோஜா கலந்த மாதிரி ஒரு துணி இருந்தது. பாவாடை உள்துணிக்கு வாங்குகிற சாதாரணத் துணி. அதைக் கூரையிலும் ஜன்னலைச் சுற்றியும் விரித்தேன். கவுஸ் பாய் கண்ணாடியை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார், தாடியைத் தடவினார்.

"இப்போ நிக்காஹ் வெச்சுக்கலாம் பாய்" என்றார் பைலட்.

"பொண்ணு பாரு" என்றார் கவுஸ் பாய்.

இறங்கி வந்து பின்டோவிடம் அவரே பேசினார். பச்சை வேண்டாம் என்றார். சீட்டுக்கும் தோல் வேண்டாம் என்றார். எனக்கே ஆச்சரியம்.

"உள்ளே அடைச்சு வெச்சா தோல் பாலிஷ் வாசனை மண்டைக்கு ஏறுது சார். கீழே தெரியல, மேலே எனக்கே புரட்டுச்சு. கை தேய்ற இடம், கால் இடிக்கிற இடம், அங்கே மட்டும் தோல் போடுறேன். மத்ததெல்லாம் தங்கச்சி துணி."

தீப்பிடிக்கக் கூடாது என்று சீட்டுத் துணியை ராவ் தீக்குச்சியால் தேர்ந்தெடுத்தார். பருத்தி வெல்வெட் குப்பென்று பிடித்தது. மில் கம்பளித் துணி கருகி, தானாக அணைந்தது. அதில் புகை நீலம் எடுத்தோம். ஜன்னலுக்குக் கீழே, செருப்பு படுகிற இடத்தில் வறுத்த காப்பிக்கொட்டை நிறம். அதற்கு மேலே, முகத்தைச் சுற்றி, சந்தன ரோஜா.

இன்னொரு சுற்று

இரண்டாம் தடவை கமலம்மா பக்கத்தில் நான் போகவில்லை. அந்த இடத்தில் அவருடைய அம்மா உட்கார்ந்தார். நாங்கள் எல்லோரும் ஓடுபாதை ஓரத்தில் நின்றோம். விமானம் மேகத்துக்குள் மறைந்தது. கவுஸ் பாயின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. பின்டோ சிகரெட்டைப் பற்ற வைக்காமலே வாயில் வைத்திருந்தார்.

திரும்பி வந்து நின்றது. கதவு திறந்தது. யாரும் இறங்கவில்லை. பின்டோ ஓடினார், பின்னாலேயே நாங்கள். உள்ளே அம்மாவும் மகளும் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். தங்கை கல்யாணத்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று பெரிய வாக்குவாதம். கமலம்மாவின் கன்னம் செழிப்பாக இருந்தது. அவர் கணவரின் தோளைத் தட்டினார்.

"ரீ, பேச்சு முடியல. இன்னொரு சுத்து போகச் சொல்லுங்க."

கவுடர் சிரித்துக்கொண்டே பின்டோவைப் பார்த்தார். பிறகு மனைவியிடம் கேட்டார்:

"கலர் எப்படி இருக்கு?"

"கலரா?" என்று கமலம்மா சுற்றிலும் திரும்பிப் பார்த்தார். "நான் பார்க்கவே இல்லையே."

அதைவிடப் பெரிய சர்டிபிகேட் என் வேலைக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. கவுஸ் பாய் அங்கேயே, ஓடுபாதை ஓரத்தில், பின்டோவைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். "இறக்கு மேன், இறக்கு" என்று பின்டோ கத்தினார், ஆனால் அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். விமானம் இரண்டாம் சுற்றுக்குக் கிளம்பியது.

எங்கள் ரூம் ஸ்டோர் ஆகவில்லை. கவுடரின் நண்பர் ஒருவர் அடுத்த விமானத்தை அனுப்பினார். பிறகு ஒரு பிளையிங் கிளப், அப்புறம் ஒரு கம்பெனி. வீட்டுக்குப் போன ஆட்களில் சிலரைத் திரும்பக் கூப்பிட்டு, ரெண்டு மெஷின் கூடுதலாகப் போட்டார்கள். கவுஸ் பாயின் பச்சைத் தோலைக் கவுடர் தன் காருக்கு வாங்கிக்கொண்டார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. துணியை அழகு பார்த்து எடுக்காதீர்கள். அது எங்கே இருக்கப்போகிறதோ அங்கே கொண்டுபோய், பக்கத்தில் ஒரு மனித முகத்தை வைத்துப் பாருங்கள். முகம் நன்றாக இருந்தால் துணி நல்ல துணி.

அடுத்த விமானம் வந்த அன்று பின்டோ ஷெட் வாசலில் நின்று, "மேலே போய்க் கலர் பார்க்க யார் வர்றது?" என்று கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தேன்.